கிள்ளைக் கழியில் கிணற்று நீச்சல்

கடலூரில் வசந்தகாலம் என்பது ஒரே ஒரு காலைப்பொழுது. மாசியில், பனி விட்டதற்கும் வெயில் பிடிப்பதற்கும் நடுவில், பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும் நேரத்துக்கு வரும். அப்போது வாசலில் நின்றிருந்தால் பார்த்துவிடலாம். புங்க மரம் பழைய இலைகளையெல்லாம் உதறிவிட்டுப் புதுத் தளிரோடு வெட்கமில்லாமல் நிற்கும். காற்றில் மாம்பூவும் சாக்கடையும் சம அளவில் கலந்து வரும். உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்தால் கோடை. இந்த ஒரு வாய் வசந்தத்தை வீணாக்கக் கூடாது என்று எங்கோ குளிர்தேசத்தில் யாரோ முடிவு செய்து, நடப்பதையும் நீந்துவதையும் சேர்த்து ஒரே வேலையாக ஆக்கியிருக்கிறார்கள். மலையில் ஏறுவது, இறங்கி ஏரியில் விழுவது, அக்கரை ஏறி ஈர உடம்போடு அடுத்த மலைக்கு நடப்பது. எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். என் மச்சான் இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்துவிட்டான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் எரிந்துபோகிற மோட்டாரெல்லாம் அவனிடம்தான் வரும். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், கிள்ளைப் பக்கத்து இறால் பண்ணைகளில் ராவும் பகலும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும் மோட்டார். போன ஐப்பசியில் அவனுடைய சொந்த மோட்டார் மக்கர் செய்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

அனுப்பியது டாக்டர்கள் தப்பு. வீட்டுக்கு வந்தவனை மறுபடி மனிதனாக ஏற்றுக்கொள்ள யாரும் தயாராக இல்லை. டீக்கடைக்காரர் கேட்காமலேயே சர்க்கரை இல்லாத டீயைப் போட்டு, அதையும் பாதி கிளாஸ்தான் கொடுத்தார். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் தாங்களே தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "நீ உக்காருண்ணே" என்றார்கள். படி இறங்கினால் "உக்காரு." சத்தமாகச் சிரித்தால் "உக்காரு." கடலூரிலிருந்து என் மனைவி காலை, மதியம், மாலை மூன்று வேளையும் போனில் தம்பியை உட்காரவைத்தாள். டாக்டர் சொன்னது வேறு. "நல்லா நடங்க. நீச்சல் தெரியும்னா நீந்துங்க. சாதாரணமா இருங்க" என்று என் காதுபடத்தான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் டாக்டர் சொல்வதைக் கேட்பதற்காக யாரும் டாக்டரிடம் போவதில்லை.

அவன் மனைவி இறந்து சில வருஷமாகிறது. ஒரே மகன். சென்னையில் வேலை, பதினாலாவது மாடியில் வீடு. அப்பாவுக்கென்று ஒரு அறை ஒழித்து, ஏசி மாட்டி, கட்டில் வாங்கிப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணிகூட வைத்துவிட்டான். கடையை மூடிவிட்டு வந்துவிட வேண்டியதுதான் பாக்கி. நல்ல பிள்ளை. அதுதான் சிக்கல். கெட்ட பிள்ளையாக இருந்தால் ஒரு வார்த்தையில் மறுத்துவிடலாம்.

பொங்கலுக்கு எல்லோரும் சிதம்பரத்தில் கூடியிருந்தபோது விஷயம் வெடித்தது. மச்சான் சாப்பிட்ட கையைக் கழுவாமலே பேசினான்.

"டேய், ஒரு ஒப்பந்தம். சிதம்பரத்துலேர்ந்து கிள்ளைக்கு நடப்பன். கழித் தண்ணியில எறங்கி நீந்தி அந்தாண்ட போவன். மணல்திட்டத் தாண்டிப் போயி கடல்ல ஒரு முழுக்குப் போடுவன். திரும்ப படகுல வந்து பஸ் புடிச்சி வூட்டுக்கு வருவன். நல்லபடியா வந்துட்டன்னா கடையும் நானும் இங்கயே. நடுவுல ஒக்காந்துட்டன்னா, யாராச்சும் என்னத் தூக்கிக்கிட்டு வர்றாப்பல ஆயிட்டா, அன்னைக்கே பெட்டியக் கட்டிகிட்டு ஒன் பதினாலாவது மாடி. சரியா?"

மகன் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு, "மாமா கூட வந்தா சரி" என்றான்.

மாமா என்றால் நான். அப்போது நான் கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க நீந்துவீங்கல்ல?" என்றாள் மனைவி.

கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. நான் திருவதிகையில் பிறந்தவன். ஊரை ஒட்டிக் கெடிலம் ஓடுகிறது என்று வரைபடத்தில் இருக்கும். நேரில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். அதனால் எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணறு. மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து தலைகீழாகக் குதித்து, அடியில் போய் ஒரு பிடி சேற்றை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். சக்கையைத் துப்பிவிட்டு, "தண்ணியில நான் மீனு" என்றேன். மீனுக்குக் கரும்புச் சாறு தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

இப்படியாக ஒரு இதய நோயாளிக்கு நான் காவலன் ஆனேன்.

பயிற்சி வேண்டும் என்று மகன் சென்னையிலிருந்து கட்டளையிட்டான். மச்சான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்தான். மலையேற்றப் பயிற்சிக்குக் கேப்பர் மலை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: அது மலை என்பது பெயரைப் படித்தால்தான் தெரியும். செம்மண் கொஞ்சம் மேடாகி, நாலு முந்திரி மரம் நட்டுக்கொண்டு, தன்னைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கிறது. சைக்கிளில் போகிறவர்கள்கூட இறங்காமல் மிதித்துக் கடந்துவிடுவார்கள். நாங்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு உச்சியை அடைந்தோம். அங்கே ஒருவர் முந்திரிக் காட்டோரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "எங்க, வண்டி பஞ்சரா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

நீச்சல் பயிற்சிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததும் கரையிலிருந்து விசில் ஊதினார்கள். பின்வாங்கினோம். மறுபடி இறங்கினோம். மறுபடி விசில். முழங்கால்வரை நாங்கள் முழுப் பயிற்சி பெற்றோம்.

மகன் ஆன்லைனில் ஒரு ஆரஞ்சுநிறக் காற்றுப் பை வாங்கி அனுப்பினான். இடுப்பில் மாட்டிக்கொண்டு நீந்தினால் வால் மாதிரி பின்னால் மிதந்துவரும். தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆள் இருக்கிற இடம் தெரியும். உள்ளே துணி, போன், பர்ஸ் நனையாமல் வைத்துக்கொள்ளலாம். நல்ல கண்டுபிடிப்பு. மனைவிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவளும் தம்பியும் பிறந்த ஊர் காடாம்புலியூர். முந்திரித் தோப்புக்கு நடுவில் அவர்கள் வீட்டுக் கிணறு. அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும்போது இடுப்பில் கயிறு கட்டி இறக்குவார்கள். மேலே ஒருவர் மறுமுனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிற்றில் கட்டிய எதையும் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவள் வாழ்க்கைத் தத்துவம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது தெரியும். பண்ருட்டியில் லாரியில் பலாப்பழ லோடு கட்டுகிற நைலான் கயிற்றில் ஒரு துண்டை வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள்.

"தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி ஒரு முனை ஒங்க இடுப்புல, ஒரு முனை அவன் இடுப்புல. அவன் முழுவுனா நீங்க இழுக்கணும். புரிஞ்சிதா?"

புரிந்தது. நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

மாசி மகம் முடிந்த அடுத்த வாரம். முதல் நாளே சிதம்பரம் போய்விட்டோம். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். மனைவி வாசல்வரை வந்து, தம்பியிடம் மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். என்னிடம் கயிறு எடுத்தீர்களா என்று கேட்டாள்.

வாய்க்கால் கரையைப் பிடித்துக் கிழக்கே நடந்தோம். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து முழங்கால் அளவுக்கு நின்று, காய் கறுக்க ஆரம்பித்திருந்தது. பனி அதன் இலைகளில் கடைசி நிமிஷ வேலைகளை முடித்துக்கொண்டிருந்தது. வெளுத்த வானத்தில் கொக்குகள் யாரோ கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி இறங்கின. பத்து எட்டுக்கு ஒருமுறை மச்சான் நிற்பான், பார்ப்பான், நடப்பான். நானும் நிற்பேன், அவன் நிற்பது அழகுக்காகவா நெஞ்சுவலிக்காகவா என்று அவன் முகத்தைப் பார்ப்பேன்.

"என்னா மாமா, என் மூஞ்சியவே பாக்குற? கோபுரத்தப் பாரு."

திரும்பிப் பார்த்தால் கோபுரம். எவ்வளவு நடந்தும் திரும்பினால் கோபுரம், அதே இடத்தில், அதே உயரத்தில். இவ்வளவு தட்டையான பூமியில் நடந்ததற்குச் சாட்சியே கிடையாது. குளிர்தேசத்து ஆட்கள் ஒவ்வொரு சிகரத்திலும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பாதையில் ஆகப் பெரிய ஏற்றம் ஒரு வேகத்தடை. அதன்மேல் ஏறி நின்று மச்சான் கையை விரித்து, "எடு மாமா ஒரு போட்டோ" என்றான். எடுத்து மகனுக்கு அனுப்பினோம். "அப்பா, உக்காந்து ரெஸ்ட் எடுங்க" என்று உடனே பதில் வந்தது.

கிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவன் மூச்சு ஒழுங்காக இருந்தது. என் மூச்சைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

கழி என்பது கடல் ஊருக்குள் வந்து, திரும்பிப் போக வழி தெரியாமல் படுத்துக்கிடக்கிற தண்ணீர். காற்று இல்லாதபோது கண்ணாடி. அக்கரையில் மணல் திட்டு வெளேரென்று தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து கடலின் இரைச்சல், அடுத்த தெருவில் நடக்கிற சண்டை மாதிரி, கேட்டது. இக்கரையில் இறால் பண்ணைக் கொட்டகை. அதன் நிழலில் நாலைந்து பையன்கள் மச்சானை அடையாளம் கண்டுகொண்டு, "காயில்கார அண்ணே!" என்று கத்தினார்கள்.

நான் கயிற்றை எடுத்தேன். மச்சான் முகம் சுருங்கியது.

"மாமா, வாணாம் மாமா. பண்ணைப் பசங்க பாக்குறானுங்க. மாட்டக் கட்டி ஓட்டிகிட்டுப் போறாப்பல என்னக் கூட்டிகிட்டுப் போவாத. அப்புறம் நான் கடை தொறந்தாலும் ஒருத்தன் மோட்டார் கொண்டாந்து குடுக்க மாட்டான்."

"ஒங்க அக்கா?"

"அக்காவா நீந்தப் போவுது? அந்தாண்ட போயி நனச்சிக்கலாம் கயிற."

நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பதில் விருப்பமில்லை. கயிறு ஆரஞ்சுப் பைக்குள் போனது. பையை மச்சான் இடுப்பில் மாட்டினேன். திரும்ப இதே கரைக்குத்தான் வரவேண்டும் என்பதால் செருப்புகளை ஒரு வேலிக்கல்லின் பக்கத்தில் கழற்றிவிட்டோம்.

"நீ மெதுவா வா. நான் முன்னாடி போயி ஆழம் பாக்கறன்" என்றேன். காவலன் பேச்சு.

குதித்தேன். முதலில் குளிர்ச்சி. பிறகு உப்பு. கிணற்றுத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பழகியவன் நான். இந்தத் தண்ணீர் கண்ணுக்குள் மிளகாய் அரைத்தது. இறுக மூடிக்கொண்டேன். பரவாயில்லை, கை கால் தெரிந்த வேலைதானே? அடித்தேன். எங்கள் ஊர்க் கிணற்றில் அடித்ததுபோலவே பெரிய சத்தத்தோடு, தண்ணீரைக் கிழித்து, உதைத்து, ஊதி. முப்பது வருஷம் உள்ளே பூட்டிக்கிடந்த பையன் ஒருவன் வெளியே வந்து என் கைகால்களை வாங்கிக்கொண்டான். மேலே வெயில், கீழே இருட்டு, நடுவில் நான் என்கிற ஒரு பெரும் ஆரவாரம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் சேற்றில் தட்டியது. எழுந்தேன். அக்கரை! இரண்டு கையையும் மேலே தூக்கி, பின்னால் வந்துகொண்டிருக்கும் மச்சானுக்கு ஒரு கூச்சல் போட்டேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரில் ஒரு வேலிக்கல். அதன் பக்கத்தில் என் செருப்பு.

என் செருப்பு எனக்கு முன்னால் நீந்தி வந்துவிட்டதா என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன்.

கொஞ்சம் தள்ளி, மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார் ஒரு பெண். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பையை வாயில் கவ்வியிருந்தார். அதை எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். எடுத்தார்.

"எங்க போவணும் ஒனக்கு?"

"அந்தக் கரைக்கு."

"அது அந்தாண்ட இருக்குது" என்றார். பையை மறுபடி வாயில் கவ்விக்கொண்டார். சிரிப்பு தாங்காமல் மறுபடி எடுத்தார். "சுத்தி வந்து இங்கயே ஏறுனியே, நான் எதோ வேண்டுதலுன்னு நெனச்சன்."

நடந்தது பிறகுதான் விளங்கியது. எங்கள் கிணற்றில் படி இடப்பக்கம். கொட்டகை மேலிருந்து குதித்தால், மேலே வந்ததும் நாலு கை அடித்து இடப்பக்கம் திரும்பிப் படியைப் பிடிக்க வேண்டும். பிள்ளைப் பருவம் முழுக்க அதைத்தான் செய்தேன். நேராக நீந்துவது என்ற ஒன்று எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. நேரே போனால் சுவர்தான் இருக்கும். கிணற்றில் பழகியவனுக்குத் தண்ணீர் என்பது வட்டமான பொருள். கழியை நான் ஒரு பெரிய கிணறாக வைத்துக்கொண்டு, இல்லாத படியைத் தேடி இடப்பக்கமாகவே வளைந்து, முழு வட்டம் அடித்து, புறப்பட்ட இடத்துக்கு வெற்றியோடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

இவ்வளவையும் யோசிக்க அப்போது நேரமில்லை. மச்சான் எங்கே?

கழியின் நடுவில் ஆரஞ்சுப் பை மட்டும் மிதந்தது. பக்கத்தில் தலை இல்லை.

பண்ணைப் பையன்களின் சிரிப்பு நின்றதா, என் காது நின்றதா தெரியவில்லை. தண்ணீர் அவ்வளவு மினுமினுப்பாக, அவ்வளவு அழகாக, ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. அந்த ஆரஞ்சு நிறம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. அவன் இருக்கிற இடத்தைக் காட்டத்தான் அந்தப் பை. காட்டிக்கொண்டிருந்தது. கயிறு அதற்குள்ளே, நனையாமல், பத்திரமாக. பதினாலாவது மாடி, ஏசி, அழைப்பு மணி எல்லாம் திடீரென்று எவ்வளவு நல்ல யோசனையாகத் தோன்றியது! "மச்சான்!" என்று கத்தினேன்.

பைக்குப் பக்கத்தில் தலை எழுந்தது. தோள் எழுந்தது. இடுப்புவரை எழுந்து நின்றான். கையில் எதையோ தூக்கிப் பிடித்துக் காட்டினான்.

"மாமா! மட்டி கெடக்குது மாமா! எம்மாம் பெருசு பாரு!" பிறகு என்னைப் பார்த்தான். "அங்க என்னா பண்ற? எதாவது மறந்துட்டியா?"

கழியின் நடுவில் ஒரு மணல்மேடு. அங்கே இடுப்பளவுதான் தண்ணீர். பண்ணைக்கு மோட்டார் பார்க்கப் பலமுறை படகில் வந்தவனுக்கு அது தெரியும். அதுவரை நிதானமாக நீந்திப் போய், நின்று, எனக்காகக் காத்திருந்து, பொழுதுபோகாமல் குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்கியிருக்கிறான்.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. உப்புத் தண்ணீரில் எது எது என்று தெரியாதது ஒரு வசதி.

மறுபடி இறங்கினேன். இந்தமுறை ஓலைப் பையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பெண் எனக்கு வழி சொன்னார், பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் கண்டக்டர் மாதிரி. "கண்ண மூடாத! அந்த ஆரஞ்சப் பாரு. எடப்பக்கம் போவுது, எடப்பக்கம் போவுது... சோத்தாங்கை... இன்னும் சோத்தாங்கை... ஆங், வுடு வுடு வுடு, நேரா வுடு!" பண்ணைப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். கிள்ளை முழுக்க என் இடது வலது எதிரொலித்தது. மணல்மேட்டை அடைந்து மச்சானின் தோளைப் பிடித்தேன். விடவில்லை.

"கயிற எடு" என்றேன்.

பையைத் திறந்து எடுத்தான். ஒரு முனையை என் இடுப்பில் கட்டினேன். மறுமுனையை அவன் இடுப்பில் கட்டிக்கொள்ளவில்லை. கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். "எனக்கு வாணாம் மாமா" என்றான். மேட்டுக்கு அந்தப் பக்கம் படகுகள் போகிற பள்ளம். கால் எட்டாது. ஆனால் அகலம் குறைவு.

பாதியில்தான் என் உடம்புக்கு இன்னொரு உண்மை தெரிந்தது. கிணற்றில் களைத்தால் கையை நீட்டினால் சுவர் இருக்கும். இரண்டு கல்லுக்கு நடுவில் விரலை நுழைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நான் கையை நீட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபக்கம் நீட்டினேன். தண்ணீர்தான். அதற்குப் பிறகு நான் செய்ததை நீச்சல் என்று சொல்ல முடியாது. நெஞ்சு முரசு அடித்தது. வாய்க்குள் கழி வந்தது. கயிறு வலப்பக்கமாக வெட்டி இழுத்தது.

"மாமா! இந்தா, இந்தாண்ட! செவுரு இங்க இருக்குது. நாந்தான் செவுரு. என்னத் தொடு."

தொட்டேன். முதுகு. வழுக்கியது, ஆனால் இருந்தது. இரண்டு மூச்சு வாங்கினேன். விட்டேன். நாலு கை அடித்தேன். மறுபடி தொட்டேன். அப்படியே போனோம். ஒவ்வொரு முறையும் அந்த முதுகு அதே இடத்தில் இருந்தது. உள்ளே ஒரு சின்னக் கம்பிக்குழலை வைத்துக்கொண்டு, யாராலும் உட்காரவைக்கப்படாமல்.

திட்டில் ஏறி, சுடுமணலில் குதித்துக் குதித்து நடந்து, கடலுக்குப் போனோம். கரையோரம் வதங்கிய சாமந்தி மாலைகளைக் கடல் உருட்டிக்கொண்டிருந்தது. மாசி மகத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து போன மிச்சம் எங்கிருந்தோ மிதந்து வந்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் வருஷாவருஷம் தூரத்து ஊர்களிலிருந்து சாமியையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடந்துவந்து கடலில் குளித்துவிட்டுப் போகிறார்கள். தோளில் அவ்வளவு பாரம். யாரும் அதை உடற்பயிற்சி என்று நினைத்ததில்லை; யார் இடுப்பிலும் ஆரஞ்சுப் பை இல்லை.

மச்சான் முழுகி எழுந்தான். இடது மார்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். நான் தண்ணீரை உதைத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"உள்ள கம்பி கெடக்குதுல்ல மாமா. உப்புத் தண்ணிக்குத் துரு புடிக்குமா?"

"ஒன் வாயத் தொறக்காம இருந்தா புடிக்காது."

சிரித்தான். அலை ஒன்று எங்களைத் தள்ளிவிட்டு, மன்னிப்பு கேட்காமல் திரும்பிப் போனது. கொஞ்சநேரம் கழித்துச் சொன்னான்: "அந்த ரூம்ல ஜன்னல் தொறக்க முடியாதாம் மாமா. ஏசிக்காவ." அவ்வளவுதான் சொன்னான். காற்று எங்கள் இருவரையும் தாண்டி, யாரிடமும் அனுமதி கேட்காமல், ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

படகில் திரும்பினோம். செருப்பு என்னைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது பேசி வைத்துக்கொண்டோம்: கயிறு கட்டினோம், நான் முன்னால் போனேன், அவன் பின்னால் வந்தான், எல்லாம் சுகம். சொல்லிப் பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

மனைவி வாசலில் நின்றிருந்தாள். தம்பியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். நாடி பிடித்தாள், அவளுக்கு நாடி பார்க்கத் தெரியாது. பிறகு கயிற்றை வாங்கி முகர்ந்தாள். நனைந்திருந்தது. "கட்டினீங்க. நல்லது" என்றாள்.

நான் நாற்காலியில் உட்காரப் போய், "ஸ்ஸ்" என்று எழுந்துவிட்டேன்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல."

பனியனைத் தூக்கினாள். இடுப்பைச் சுற்றி நைலான் கயிறு சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. வலப்பக்கம் தோலே உரிந்திருந்தது. அதையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தம்பியிடம் போய் அவன் பனியனைத் தூக்கினாள். இடுப்பு சுத்தமாக இருந்தது. அவன் வலது கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கைக்குக் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு.

காடாம்புலியூர்க் கிணற்றில் நீச்சல் பழகிய வீட்டுப் பெண்ணிடம் நாங்கள் கதை சொல்லத் தயாராக வந்திருந்தோம்.

"கத்துக்கிற புள்ளைக்கு இடுப்புல வரும்" என்றாள் என்னைப் பார்த்து. "மேல நின்னு புடிக்கிறவங்களுக்குக் கையில வரும்" என்றாள் அவனைப் பார்த்து. "இப்ப யாரு யாரக் கூட்டிகிட்டுப் போனது?"

மச்சானுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வட்டம், செருப்பு, ஓலைப் பை, சோத்தாங்கை எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். என் நீச்சலை அவன் செய்து காட்டியதில் ஒரு தண்ணீர்ச் சொம்பு உருண்டது. மனைவிக்கு இன்னொரு தம்பி இல்லாமல் போனதற்கு முதல்முறையாக நன்றி சொன்னேன். மச்சான் ஒருவனே போதும்.

நடுவில் மகன் போன் செய்தான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்த, அப்பா எப்படி வந்தாரு?"

"நடந்து வந்தான்டா."

"யாராவது தூக்கிட்டு..."

"இல்ல. அவந்தான் ஒருத்தர இழுத்துகிட்டு வந்தான்."

பிறகு தயங்கித் தயங்கி, "அப்ப அந்த ரூமு?"

"ஏசி போட்டாச்சில்ல? வீணாக்காத. ஒங்க மாமாவ அனுப்பி வெக்கறன்."

பதினாலாவது மாடியிலிருந்து சிரிப்பு வந்தது. ரொம்ப நாளாக அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடித்துவிட்டு, "அப்பா, கடை எப்ப தொறக்கறீங்க?" என்றான். குரலில் கொஞ்சம் ஈரம் இருந்தது.

"நாளைக்கு" என்றான் மச்சான்.

போனை வைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். "நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேங்க்கா."

மனைவி வாயைத் திறந்தாள். நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் படியிறங்கித் தெருவில் நடந்து, மூலையில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நானும் போயிட்டு வரட்டா?" என்று எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க" என்றாள்.